பயாப்ஸித் துண்டிலிருந்து குடல் ஆர்கனாய்டு: புதிதாகத் தொடங்கும் ஆய்வு மாணவர்களுக்கு

பிஎச்டி சேர்ந்த புதிதில் "நம்ம லேபில் ஆர்கனாய்டு செட் பண்ணணும், நீ பார்த்துக்கோ" என்று கைடு சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத் தட்டில் வளர்க்கும் குட்டி உறுப்பைத்தான் ஆர்கனாய்டு என்கிறோம். ஏற்கனவே இந்த வேலை நடக்கும் ஆய்வகத்தில் சேர்ந்தவர்களுக்குச் சீனியர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் தொடங்குகிறவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

எங்கள் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் காலம் போனது. செல் வளராமல் போனதால் அல்ல. அனுமதி வந்தபோது மேட்ரிஜெல் (செல்லைப் பதித்து வளர்க்கும் கூழ்) வரவில்லை. மேட்ரிஜெல் வந்தபோது மருத்துவமனையுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. அதுவும் முடிந்தபோது மீடியத்துக்கான (செல்லுக்கு ஊட்டம் தரும் நீர்) ஒரு பொருள் சுங்கத்தில் நின்றது. காகிதம், பொருள், நோயாளியின் திசு மூன்றும் ஒரே வாரத்தில் கையில் இருக்க வேண்டும். அதற்கு எதை எப்போது தொடங்குவது என்பதை எந்தப் புரோட்டோகாலும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தியாவில், ஒரு மருத்துவமனையிலிருந்து பெருங்குடல் பயாப்ஸி வாங்கி ஆர்கனாய்டு வளர்ப்பதை வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உடலிலிருந்து எடுத்த திசுவில் இருக்கும் ஸ்டெம் செல்லை அப்படியே வளர்ப்பது. குடல், கல்லீரல், கணையம், பல வகைப் புற்றுநோய்க் கட்டிகள் எல்லாம் இப்படி வளரும். இன்னொன்று, தோல் அல்லது ரத்தத்தின் செல்லை மறுநிரலாக்கம் செய்து ஐபிஎஸ் செல்லாக (எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்) மாற்றி, அதிலிருந்து உறுப்பை உருவாக்குவது. மூளை, விழித்திரை, சிறுநீரக ஆர்கனாய்டுகளைப் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். மூளையிலிருந்து யாரும் நமக்குத் திசு தரப்போவதில்லை.

தேர்வு உங்கள் கையில் இருந்தால் குடலில் தொடங்குங்கள். குடலின் உட்பூச்சு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. அதைச் செய்யும் ஸ்டெம் செல்கள் கிரிப்ட் எனப்படும் சின்னக் குழிகளின் அடியில் இருக்கின்றன. சரியான மீடியம் கொடுத்தால் ஒரு வாரத்தில் மைக்ராஸ்கோப்பில் உருண்டைகளைப் பார்த்துவிடலாம். ஐபிஎஸ் வழியில் போனால் மறுநிரலாக்கத்துக்கே மூன்று நான்கு வாரம், அந்தச் செல் வரிசையை நிலைப்படுத்திச் சோதிக்க மேலும் சில மாதங்கள், மூளை ஆர்கனாய்டு முதிர இன்னும் சில மாதங்கள் ஆகும். மூன்று வருட ஃபெல்லோஷிப்பில் இது பெரிய வித்தியாசம்.

ஒன்றை மறக்காமல் திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள்: திசுவிலிருந்து வளரும் குடல் ஆர்கனாய்டில் எபிதீலியம், அதாவது உட்பூச்சுச் செல் அடுக்கு, மட்டும்தான் இருக்கும். ரத்தக் குழாய், நரம்பு, தசை, நோயெதிர்ப்புச் செல் எதுவும் இருக்காது. கமிட்டியில் யாராவது இதைக் கட்டாயம் கேட்பார்கள். நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டால் ஒரு சுற்றுக் கேள்வி மிச்சம்.

நிதி கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2023 மார்ச்சில் திருத்தப்பட்ட இந்தியாவின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், விலங்குச் சோதனைக்கு மாற்றாக ஆர்கனாய்டு, ஆர்கன்-ஆன்-சிப் போன்ற முறைகளின் தரவையும் ஏற்கின்றன. அமெரிக்காவிலும் 2022 டிசம்பரில் சட்டம் அந்தத் திசையில் மாறியது. உங்கள் வேலை ஏன் இப்போது தேவை என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

2. அனுமதிகளை ஒன்றன் பின் ஒன்றாக அல்ல, சேர்த்தே கேளுங்கள்

அதிக நாட்கள் விழுங்குவது இந்தக் கட்டம்தான். ஒரு கமிட்டி முடித்த பிறகு அடுத்ததற்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் ஒரு வருடம் ஓடிவிடும்.

முதலாவது, மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டி. அது சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்கிறதா, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு காலாவதியான கமிட்டியின் ஒப்புதலை வைத்துக்கொண்டு கட்டுரை வெளியிடப் போனால் அங்கே பிரச்சினை வரும். மருத்துவமனையும் உங்கள் ஆராய்ச்சி நிறுவனமும் வேறு வேறாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஒப்புதல் வேண்டியிருக்கும். பொதுவாகக் கேட்கும் ஆவணங்கள்: திட்ட அறிக்கை, அதன் ஒரு பக்கச் சுருக்கம், ஒப்புதல் படிவமும் நோயாளிக்கான தகவல் தாளும், ஆய்வாளர்களின் தன்விவரம், துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், வரவு செலவு, திசுவை எங்கே எவ்வளவு காலம் வைப்பீர்கள் என்ற குறிப்பு. சில இடங்களில் நற்பரிசோதனை நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். இணையத்திலேயே முடிக்கலாம், முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான நிறுவனக் குழு. ஐசி-எஸ்சிஆர் என்று சொல்வார்கள். ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்கும் நிறுவனத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும். அது தேசிய உச்சக் குழுவில் பதிவாகியிருக்கவும் வேண்டும். பெரிய பொறி இங்கேதான். "நாம் கருவிலிருந்து எடுக்கவில்லையே, வயது வந்தவரின் குடல் செல்தானே, இதற்கு எதற்கு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உடல் திசுவில் இருக்கும் ஸ்டெம் செல்லும் அந்த நெறிமுறைக்குள் வரும். தேவையா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். குழுவுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். உங்கள் நிறுவனத்தில் அந்தக் குழுவே இல்லை என்றால் முதல் வாரத்திலேயே கைடிடம் சொல்லிவிடுங்கள். குழு அமைத்துப் பதிவு செய்வது மாணவர் வேலை இல்லை, நாளும் பிடிக்கும்.

மூன்றாவது, உயிரியல் பாதுகாப்புக் குழு, அதாவது ஐபிஎஸ்சி (IBSC; மேலே சொன்ன ஐபிஎஸ் செல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). கிரிஸ்பர், லென்டிவைரஸ் போன்ற மரபணு மாற்றும் கருவி எதுவும் பயன்படுத்தாதவர்கள் இது நமக்கு வேண்டாம் என்று நினைப்பார்கள். ஆனால் மீடியத்துக்காக எல்-டபிள்யூஆர்என் செல் வரிசையை வாங்கப்போகிறீர்கள் என்றால் (அதைப் பற்றி நாலாவது படியில் சொல்கிறேன்) அது மரபணு மாற்றிய செல். குழுவிடம் தெரிவித்தாக வேண்டும். இறக்குமதிக் காகிதத்திலும் அந்தக் கடிதம் கேட்கப்படும்.

நான்காவது, வெளிநாட்டுக் கூட்டாளி யாராவது இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி. இதை ஐசிஎம்ஆர் நடத்துகிறது. ஒரு பேராசிரியர் ஐரோப்பாவிலிருந்து இலவசமாகச் சீக்வென்சிங் செய்து தருகிறேன் என்றால் சந்தோஷமான விஷயம்தான். ஆனால் நோயாளியின் செல் நாட்டைவிட்டு வெளியே போகிறது என்பதால் இந்த அனுமதியும், பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும், ஒப்புதல் படிவத்தில் அதற்கான வரியும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அனுப்ப முடியாது.

இவை தவிர, மருத்துவமனைக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையில் புரிந்துணர்வு ஒப்பந்தம். யாருக்கு ஆய்வுரிமை, யார் பெயர் கட்டுரையில், திசு யாருடையது என்பதையெல்லாம் சட்டப் பிரிவு பார்க்கும். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான். ஒரே பத்தியை இரண்டு பக்கத்துச் சட்டப் பிரிவும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்தன. எத்திக்ஸ் விண்ணப்பம் போடும் அதே நாளில் ஒப்பந்த வரைவையும் அனுப்பிவிடுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டிகள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூட்டத்துக்கு இத்தனை நாள் முன்பு விண்ணப்பம் வர வேண்டும் என்று கடைசித் தேதி இருக்கும். முதல் கூட்டத்தில் கேள்வி, அடுத்த கூட்டத்தில் பதில் என்று வைத்துக்கொண்டு நாலு மாதம் ஒதுக்குங்கள். சீக்கிரம் வந்தால் நல்லது.

3. ஒப்புதல் படிவத்தில் நேரம் செலவழியுங்கள்

இதை ஒரு சம்பிரதாயமாக நினைத்துப் பழைய படிவத்தின் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். ஆர்கனாய்டுக்கு அது பொருந்தாது. சாதாரண ஆய்வில் ரத்தமோ திசுவோ சோதனையோடு தீர்ந்துவிடும். இங்கே அந்த மனிதரின் செல் உயிரோடு பெருகுகிறது. நைட்ரஜன் தொட்டியில் பல வருடம் இருக்கும், வேறு ஊருக்குப் போகும், மருந்து நிறுவனத்துக்கும் போகலாம். அவருடைய மரபணு முழுவதும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று நான் நினைப்பது: நோயறிதலுக்கு எடுப்பதைத் தாண்டி ஆராய்ச்சிக்காகக் கூடுதலாக எத்தனை துண்டு, செல் எவ்வளவு காலம் வைக்கப்படும், மரபணுச் சோதனை உண்டா, வேறு ஆய்வகத்துக்கோ நிறுவனத்துக்கோ கொடுக்கப்படுமா, அதில் வருமானம் வந்தால் நிலைமை என்ன, அவர் உடல்நலம் பற்றித் தற்செயலாக ஏதாவது தெரியவந்தால் சொல்வீர்களா, பின்னால் மனம் மாறினால் எப்படி விலகுவது, விலகினால் உறைந்த குழாய்கள் என்ன ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று டிக் செய்யும் கட்டம் கொடுங்கள். மரபணுச் சோதனைக்குச் சரி, கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது.

கூடவே இரண்டு மில்லி ரத்தத்துக்கும் ஒப்புதல் வாங்குங்கள். பல மாதம் கழித்து, நீங்கள் வளர்ப்பது அந்த நோயாளியின் செல்தானா, வேறு செல் கலந்துவிட்டதா என்று டிஎன்ஏ கைரேகைச் சோதனையில் ஒப்பிட அது வேண்டும். முதலில் கேட்காமல் விட்டால் திருத்தத்துக்கு மறுபடி கமிட்டி, மறுபடி நோயாளியைத் தேடுவது என்று இழுக்கும்.

மொழிபெயர்ப்புக்கும் நாள் ஒதுக்குங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு இன்னொருவர் மாற்றி, இரண்டு சான்றிதழும் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளுக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். தமிழ்ப் படிவம் மட்டும் வைத்திருந்தால் அவர்களில் ஒருவரையும் சேர்க்க முடியாது. முதல் விண்ணப்பத்திலேயே வங்காளம், தெலுங்கு, இந்திப் படிவங்களையும் சேர்த்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டி, கைரேகை வாங்கி, சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். கொலனோஸ்கோப்பி செய்துகொள்கிறவர் முந்தின நாளிலிருந்து பேதி மருந்து குடித்து, சாப்பிடாமல், களைத்துப்போய் வருவார். அந்த நேரத்தில் நாலு பக்கத் தாளை நீட்டுவது நியாயமே இல்லை. மயக்க மருந்து போட்ட பிறகு வாங்கும் கையெழுத்து ஒப்புதலே ஆகாது. புற நோயாளிப் பிரிவில் கொலனோஸ்கோப்பிக்குத் தேதி கொடுக்கும் அன்றே பேசுங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரட்டும்.

ஒரு தாய், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ள தன் மகனுக்காகப் படிவத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதை வளர்த்து, நல்லா ஆனதும் திரும்ப இவன் வயித்துலயே வெச்சிருவீங்களா தம்பி?" இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். "குட்டி உறுப்பு வளர்க்கிறோம்" என்று சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் சொன்னது: "இல்லம்மா. இது தம்பிக்கு வைத்தியம் இல்ல. இந்த நோய் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான். பின்னால வேற யாருக்காவது உதவலாம். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் இவருக்கு இங்க நடக்கிற சிகிச்சைல எந்தக் குறையும் வராது." அவர் சற்று நேரம் யோசித்தார், மகனிடம் பேசினார், அப்புறம் சம்மதித்தார். இந்தியாவில் ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றைத் தவிர ஸ்டெம் செல்லை வைத்துச் சிகிச்சை என்று விற்பதில் பெரும்பாலானது அங்கீகாரம் இல்லாதது. அந்த விளம்பரங்களைப் பார்த்து நம்பிக்கையோடு வருகிறவர்களிடம் நாம் தெளிவாகப் பேசாவிட்டால் அது பெரிய துரோகம். கையெழுத்து வாங்கும் வேலையை நர்ஸிடமோ ஜூனியரிடமோ தள்ளிவிடாதீர்கள். நீங்களே உட்கார்ந்து பேசுங்கள்.

4. பணம் எங்கே போகும்

இரண்டு விஷயத்தில்: மேட்ரிஜெல், மீடியம்.

மேட்ரிஜெல் என்பது எலிக் கட்டியிலிருந்து எடுக்கும் புரதக் கூழ். ஆர்கனாய்டு இதற்குள் பதிந்துதான் வளரும். 10 மில்லி பாட்டில் இந்தியாவில் பல்லாயிரம் ரூபாய். கணக்குப் போடுவது எளிது: 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு 50 மைக்ரோலிட்டர் என்றால் ஒரு தட்டுக்கு 1.2 மில்லி, ஒரு பாட்டிலுக்கு எட்டுத் தட்டு. ஒவ்வொரு முறை பிரித்து வைக்கும்போதும் புதிதாக வேண்டும். எத்தனை நோயாளி, வாரம் எத்தனை தட்டு என்று எழுதிப் பார்த்தால் வருடத் தேவை வந்துவிடும். வாங்கும்போது வளர்ச்சிக் காரணி குறைத்த வகையைக் கேளுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) புரதச் செறிவு மாறும். செறிவு குறைந்த லாட்டில் கூழ் நெகிழ்ந்து கரைந்துவிடும். ஆர்டரிலேயே குறைந்தபட்சச் செறிவைக் குறிப்பிட்டு, ஒரே லாட்டில் பல பாட்டில்களாக வாங்குங்கள். கல்ட்ரெக்ஸ் போன்ற மாற்றுகளும் இருக்கின்றன, ஆனால் ஆய்வின் நடுவில் மாற்றாதீர்கள்.

அடுத்தது மீடியம். மனிதப் பெருங்குடல் ஆர்கனாய்டுக்கு விண்ட்3ஏ, ஆர்-ஸ்பாண்டின், நோகின், இஜிஎஃப், பி27, நிக்கோட்டினமைடு, ஏ83-01, எஸ்பி202190 என்று நீளமான பட்டியல் உண்டு. முதல் மூன்றையும் தூய புரதமாக வாங்கினால் பட்ஜெட் அதிலேயே முடிந்துவிடும். இதற்கு ஒரு வழி எல்-டபிள்யூஆர்என் செல். இந்த எலி செல் வரிசை அந்த மூன்றையும் தானே சுரக்கும். அதை வளர்த்து, அது வளர்ந்த நீரை எடுத்து வடிகட்டி, பட்டியலின் மற்றப் பொருள்கள் உள்ள மீடியத்தோடு பாதிக்குப் பாதி கலந்தால் தயார். ஏடிசிசி என்ற அமெரிக்க செல் வங்கியில் கிடைக்கும். ஒரு தட்டுக்கு ஒருமுறை 12 மில்லி, வாரம் மூன்று முறை மாற்றினால் 36 மில்லி. அதில் பாதி இந்த நீர். ஒரு நல்ல தொகுப்பு எடுத்து உறையவைத்தால் பல மாதம் வரும்.

இதிலும் பொறிகள் உண்டு. ஏடிசிசி ஒப்பந்தத்தில் மாணவரோ கைடோ கையெழுத்துப் போட முடியாது, நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற அலுவலர்தான் போட வேண்டும். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், வணிகத்துக்கு அல்ல. பக்கத்து லேப் நண்பரிடம் ஒரு குழாய் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் ஒப்பந்தத்துக்கு விரோதம். ஒவ்வொரு தொகுப்பின் வீரியமும் வேறு வேறாக இருக்கும், ஆகவே புதுத் தொகுப்பை நோயாளியின் செல்லில் முதன்முதலாகச் சோதிக்காதீர்கள்; ஏற்கனவே நன்றாக வளரும் ஒரு வரிசையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேதி போட்டு உறையவையுங்கள். கையில் நேரமில்லை, நோயாளிகள் நாலைந்து பேர்தான் என்றால் தயார் நிலை மீடியம் வாங்குவதே லாபம்.

இறக்குமதிப் பொருளுக்கு ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். விலைப்புள்ளி, கொள்முதல் பிரிவு, வெளிநாட்டிலிருந்து வருவது, சுங்கம் எல்லாம் சேர்த்து. உலர் பனியில் வரும் பெட்டி வெள்ளிக்கிழமை மாலை விமான நிலையத்தில் இறங்கினால் திங்கள்வரை அப்படியே கிடக்கும். செவ்வாய், புதனில் வரும்படி அனுப்பச் சொல்லி ஆர்டரில் எழுதுங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களைத் தவிருங்கள். பெட்டியைப் பிரித்தவுடன் பனி மிச்சமிருக்கிறதா என்று போட்டோ எடுத்து வையுங்கள். பனி இல்லாமல் வந்திருந்தால் அன்றே புகார் அனுப்பினால்தான் மாற்றித் தருவார்கள்.

சிறு செலவுகளையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்: திரவ நைட்ரஜன் வாராவாரம் நிரப்ப, இரண்டாவது கார்பன் டைஆக்சைடு சிலிண்டர், இன்குபேட்டருக்கு யுபிஎஸ், மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தெரியாமல் தொற்றும் குட்டி பாக்டீரியா) சோதனை. மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

5. அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் கை பழகுங்கள்

இந்தக் காலம் வீண் இல்லை. எலிக் குடலில் பழகலாம். மனிதக் குடலைவிட அது சுலபம், விண்ட் சேர்க்காத மீடியத்திலேயே சிறுகுடல் ஆர்கனாய்டு வரும். வேறொருவர் அனுமதி பெற்ற சோதனைக்காகக் கொல்லப்படும் எலியின் குடலை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தகவல் கொடுத்து எழுத்தில் சம்மதம் பெறுங்கள். எலி வேண்டாம் என்றால் ஏடிசிசியில் புற்றுநோய் ஆர்கனாய்டு வரிசைகள் தயாராகக் கிடைக்கின்றன. விலை அதிகம், ஆனால் உருக்கி, பிரித்து, உறையவைத்துப் பழக நல்லவை.

முடிந்தால் ஒரு வாரம் வேறு ஆய்வகத்துக்குப் போய் நின்று பாருங்கள். ஐதராபாத் சிசிஎம்பி, பெங்களூரு இன்ஸ்டெம், வேலூர் சிஎம்சி வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் ஸ்டெம் செல் வேலை பல வருடமாக நடக்கிறது. கைடு மூலமாக மெயில் எழுதுங்கள். மேட்ரிஜெல் சொட்டு வைக்கும் கைப்பக்குவம் வீடியோவில் வராது.

6. திசு வரும் நாள்

முந்தின நாளே மேட்ரிஜெல்லை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, 4 டிகிரி ஃப்ரிட்ஜில் இரவு முழுவதும் உருக விடுங்கள். தட்டை 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். பிப்பெட் முனைகளை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எண்டோஸ்கோப்பி அறையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபார்மலின். நர்ஸ் கைக்கு எட்டும் தூரத்தில் ஃபார்மலின் நிரப்பிய சின்னப் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். வருடக்கணக்கான பழக்கத்தில் துண்டை அதில்தான் போடுவார்கள். போட்ட நொடியில் உங்கள் செல் செத்தது. ஆகவே நீங்கள் நேரில் நில்லுங்கள். உங்கள் குழாய் வேறு நிற மூடியோடு, உள்ளே ஆன்டிபயாட்டிக் கலந்த குளிர்ந்த மீடியத்தோடு, பனிக்கட்டி டப்பாவில் இருக்கட்டும். நோயறிதலுக்கான துண்டுகள் முதலில் நோய்க்குறியியல் பிரிவுக்குப் போன பிறகுதான் உங்கள் முறை. அந்த வரிசையை மாற்றச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கூடுதல் துண்டு எடுப்பதை எங்கள் திட்ட அறிக்கையிலேயே விலக்கியிருந்தோம். நீங்களும் மருத்துவரோடு பேசி அப்படி எழுதுங்கள். அறுவைச் சிகிச்சைத் திசு என்றால் நோய்க்குறியியல் மருத்துவர்தான் வெட்டித் தர வேண்டும், நீங்கள் கத்தி வைக்கக் கூடாது.

குழாயில் பெயர் எழுதாதீர்கள், குறியீட்டு எண் மட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் மருத்துவமனையில் பூட்டி இருக்கட்டும்.

ஆய்வகத்துக்கு வந்ததும் குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் நீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பெருங்குடலில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஏராளம். அப்புறம் குளிரிலேயே செல்களின் பிடிப்பைத் தளர்த்தும் இடிடிஏவில் சுமார் அரை மணி நேரம் ஊறவைத்து, குழாயை நன்றாகக் குலுக்கினால் கிரிப்ட்கள் கழன்று வரும். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஒரு முனை மூடி ஒரு முனை திறந்த குட்டிக் குழல்கள் தெரிந்தால் சரி. தனித்தனிச் செல்லாக உதிர்ந்திருந்தால் அதிகம் ஊறிவிட்டது. குழாய், பிப்பெட் முனை எல்லாவற்றையும் முதலில் பிஎஸ்ஏ புரதக் கரைசலில் நனைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிரிப்ட்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, கடைசியில் எண்ணிப் பார்த்தால் பாதிகூட இருக்காது.

7. சொட்டு வைப்பதும் முதல் வாரமும்

நெய் சூட்டில் உருகும், குளிரில் உறையும். மேட்ரிஜெல் நேர்மாறு: 10 டிகிரிக்கு மேல் போனாலே இறுகத் தொடங்கும். ஆகவே கிரிப்ட்களோடு கலக்கும்போது எல்லாம் பனிக்கட்டியில் இருக்க வேண்டும், குமிழி வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும், சூடான தட்டின் குழி நடுவில் சொட்டை வைத்தவுடன் இன்குபேட்டருக்குப் போக வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் கிரிப்ட்கள் அடியில் படியாமல் சொட்டுக்குள் பரவி நிற்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் இறுகியதும் சுவர் ஓரமாக மீடியம் ஊற்றுங்கள். சொட்டின் மேல் நேராக ஊற்றினால் பெயர்ந்துவிடும். முதல் இரண்டு நாள் மீடியத்தில் ஒய்-27632 சேர்த்தால் செல் சாவது குறையும்.

சில மணி நேரத்தில் கிரிப்ட்டின் திறந்த முனை மூடிக்கொள்ளும். அடுத்த ஓரிரு நாளில் உருண்டையாகும். சுற்றிலும் செத்த செல் குப்பையாக இருக்கும், பயப்படாதீர்கள். கட்டுரைப் படங்களில் பார்த்தது போல மொட்டு மொட்டாகக் கிளைக்கவில்லையே என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அந்தப் படங்களில் பல எலியுடையவை. விண்ட் நிறைந்த மீடியத்தில் மனித ஆர்கனாய்டு பெரும்பாலும் மெல்லிய சுவருள்ள வெற்று உருண்டையாகத்தான் இருக்கும். விண்ட், நிக்கோட்டினமைடு, எஸ்பி202190 ஆகியவற்றை எடுத்துவிட்டுச் சில நாள் வளர்த்தால்தான் சளி சுரக்கும் செல்லும் உறிஞ்சும் செல்லும் உருவாகும். மருந்துச் சோதனைக்கு எந்த நிலை வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

புதுத் திசுவுக்குத் தனி இன்குபேட்டர் வையுங்கள். முடியாவிட்டால் தனித் தட்டாவது கொடுங்கள். ஒருவரின் ஈஸ்ட் பக்கத்துக் குழியில் இருக்கும் இன்னொருவரின் செல்லையும் சேர்த்து அழித்துவிடும்.

8. பிரித்தல், சோதித்தல், உறையவைத்தல்

ஏழு முதல் பத்து நாளில் உருண்டையின் நடு கறுக்கும். உள்ளே செத்த செல் சேர்ந்திருக்கிறது, பிரிக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை ஒன்றுக்கு இரண்டாக மட்டும் பிரியுங்கள், பேராசை வேண்டாம். இரண்டாவது மூன்றாவது பிரிப்பிலேயே பாதியை உறையவைத்துவிடுங்கள். சோதனைக்குச் செல் போதவில்லை என்று உறையவைப்பதைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. ஒரு மின்வெட்டிலோ ஒரு தொற்றிலோ அந்த நோயாளி கொடுத்தது மொத்தமும் போய்விடும், அவரிடம் மறுபடி கேட்க முடியாது. உறைந்த குழாய்களை இரண்டு வேறு தொட்டிகளில் பிரித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஒன்றை உருக்கி, உயிரோடு எழுகிறதா என்று பாருங்கள். எழும்வரை அதைச் சேமிப்பாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மைக்கோபிளாஸ்மா சோதனை மாதம் ஒருமுறை. டிஎன்ஏ கைரேகை ஒப்பீடு முதல் உறைப்பின்போது ஒருமுறை, பின்னர் கட்டுரை அனுப்பும் முன் ஒருமுறை. கட்டியிலிருந்து வளர்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கட்டியோடு ஒட்டியிருந்த சாதாரணச் செல் சில மீடியங்களில் வேகமாக வளர்ந்து கட்டிச் செல்லை மூடிவிடும். கட்டியில் கண்ட மரபணு மாற்றம் ஆர்கனாய்டிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்து சேருங்கள்.

கழிவுகளுக்கு 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் பொருந்தும். திசு மிச்சம் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் சிவப்புப் பையில். வேறு ஊருக்குச் செல் அனுப்பினால் யுஎன்3373 முத்திரையுள்ள மூன்றடுக்குப் பொட்டலம், உலர் பனி இருந்தால் அதற்கான யுஎன்1845 முத்திரையும். கூரியர் அலுவலகத்தில் போய் நின்றபிறகு இது தெரியவந்தால் அன்றைக்குப் பெட்டி போகாது.

கடைசியாக, பதிவேடு. ஒவ்வொரு குழாய்க்கும் குறியீட்டு எண், எத்தனையாவது பிரிப்பு, மேட்ரிஜெல் லாட், மீடியத் தொகுப்பு, தொட்டியில் இருக்கும் இடம், அந்த நோயாளி எதற்கெல்லாம் ஆம் சொன்னார் என்ற விவரம் ஆகியவை ஒரே வரியில் இருக்கட்டும். வேறு லேபிலிருந்து யாராவது வரிசை கேட்டால் கொடுக்கலாமா என்பது அந்த வரியைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நோயாளி ஒருவர் விலகுவதாகச் சொல்லி மருத்துவமனையிலிருந்து எண் வந்தால், அன்றைக்கே எல்லாக் குழாயையும் எடுத்து அழித்து, தேதியும் கையெழுத்தும் போட்டு, எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.